மனித சாப்பரோன் புரதங்கள் எப்படித் தொகுப்பாகின்றன: பரீட்சைக்குப் படித்த விதம்

ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து கெம்பஸ் போய் மூலக்கூற்று உயிரியல் படிக்கும் தம்பி தங்கச்சிமார் பலர் சாப்பரோன் (மற்றப் புரதங்கள் சரியாக மடியவும் கட்டிதட்டாமல் இருக்கவும் உதவும் புரதம்) பகுதியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உயர்தரத்தில் தமிழில் புரதக் கட்டமைப்பின் நான்கு நிலைகளையும் நன்றாகப் படித்திருப்போம். இங்கே வந்தால் விரிவுரை ஆங்கிலத்தில் ஓடுகிறது, பெயர்கள் எல்லாம் எண்களாக இருக்கின்றன. எச்எஸ்பி60, எச்எஸ்பி70, எச்எஸ்பி90 (எச்எஸ்பி என்றால் வெப்ப அதிர்ச்சிப் புரதம்) என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத்தான் முதலில் கை போகும். அந்த வழி வேண்டாம். உயர்தரத்தில் படித்த நான்காம் நிலைக் கட்டமைப்பின், அதாவது பல புரதச் சங்கிலிகள் ஒன்றாகச் சேரும் நிலையின், நீட்சிதான் இந்தப் பாடம் முழுவதும். உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

பெயரில் உள்ள எண், ஒரு தனி அலகின், அதாவது ஒரு புரதச் சங்கிலியின், நிறையைக் கிலோடால்டனில் ஏறத்தாழச் சொல்கிறது. பல சாப்பரோன்கள் கலத்துக்குள் அலகுகளாகச் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. அதனால் ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் மூன்று கேள்வி கேட்டேன்: எத்தனை அலகு சேர்கிறது, எது அவற்றைப் பிடித்து வைக்கிறது, எது பிரிக்கிறது. இந்த மூன்றுக்கும் பதிலை வசனமாக எழுதாமல் படமாக வரைந்தேன். ஆங்கில வசனம் தடுமாறினாலும் படம் தடுமாறாது; படம் கையில் வந்துவிட்டால் வசனம் பின்னால் தானாக வரும்.

அதிகம் புள்ளி போகும் இடம் ஒன்று உண்டு. பாடநூல்களில் பெரிதாக வரைந்திருப்பது பக்டீரியாவின் குரோஈஎல். ஏழு அலகு கொண்ட வளையங்கள் இரண்டு, மொத்தம் 14 அலகு, மேலே குரோஈஎஸ் மூடி. அழகான படம், அதனால் மனதில் ஒட்டிக்கொள்ளும். வினாவில் 'மனித' என்ற சொல் இருந்தால் அதை அப்படியே எழுதக் கூடாது. மனிதக் கலத்தில் அதன் நெருங்கிய உறவு இழைமணிக்குள் இருக்கும் எச்எஸ்பி60. அதுவும் ஏழு அலகு வளையம்தான், ஆனால் தனி வளையமாகவும் காணப்படும். கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியும் எச்எஸ்பி10 என்ற மூடியும் சேரும்போது இரட்டை வளையமாகவும் உருவாகும். குழியவுருவில் வேலை செய்வது டிரிக் என்ற வேறொன்று. அதில் வளையத்துக்கு எட்டு அலகு, எட்டும் வெவ்வேறு மரபணுவிலிருந்து வருபவை, ஒவ்வொன்றுக்கும் வளையத்தில் நிலையான இடம் உண்டு. இரண்டு வளையம் சேர்ந்தால் 16 அலகு, கிட்டத்தட்ட 1,000 கிலோடால்டன். தனி மூடி கிடையாது; அலகுகளின் மேல்நுனிகளே உள்நோக்கி மூடிக்கொள்ளும். அக்டினும் டியூபுலினும் சரியாக மடிவது இதற்குள்தான். இந்த வேறுபாட்டைக் காட்டி இரண்டு படம் வரைந்தாலே விடை தனித்துத் தெரியும்.

எச்எஸ்பி90 இரண்டு அலகுச் சோடி. புரதச் சங்கிலியின் கடைசி நுனியான சி-முனைகள் எப்போதும் பிணைந்திருக்கும், ஏடிபி வந்தால் தொடக்க நுனியான என்-முனைகளும் நெருங்கி மூடும். எச்எஸ்பி70 பெரிய வளையம் எதையும் கட்டுவதில்லை, துணைப் புரதங்களோடு சேர்ந்து இயங்குகிறது. இவை இரண்டையும் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

நேரம் கொடுக்க வேண்டியது சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கு. மனிதனில் இவை பத்து: எச்எஸ்பிபி1 முதல் எச்எஸ்பிபி10 வரை (இங்கே எண் நிறையல்ல, வரிசை எண்). இவற்றுக்கு ஏடிபி தேவையில்லை. எனக்கு இந்தப் பகுதி பிடித்துப்போனதற்குக் காரணம் அப்பாயியின் கண். கொழுந்து எடுத்தே வாழ்ந்தவர், வயதான காலத்தில் கண்ணில் புரை விழுந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். கண்வில்லையின் நடுப்பகுதிக் கலங்களில் கரு இல்லை, புதுப் புரதம் செய்யும் வழியும் இல்லை. பிறக்கும் முன் செய்த கிரிஸ்டலின் புரதங்களே ஆயுள் முழுவதும் தெளிவாகக் கரைந்திருக்க வேண்டும். அவற்றைக் கட்டிதட்டாமல் காக்கும் ஆல்பா கிரிஸ்டலின் ஒரு சாப்பரோன்தான் என்று ஜோசப் ஹோர்விட்ஸ் 1992இல் காட்டினார். வயதாக ஆக அந்தக் காவல் தீர்ந்துபோகிறது, வில்லை மங்குகிறது.

ஆல்பா கிரிஸ்டலினின் இரு வகை அலகுகளில் ஒன்றான ஆல்பா பி கிரிஸ்டலின் 175 அமினோ அமிலம் கொண்டது, சுமார் 20 கிலோடால்டன். இதன் தொகுப்பை மூன்று படியாக வரையுங்கள். நடுவில் உள்ள பீட்டா மடிப்புப் பகுதிகள் இரண்டு பக்கவாட்டில் சேர்ந்து சோடியாகும். பிறகு சி-முனைப் பக்கத்தில் உள்ள ஐசோலூசின், புரோலின், ஐசோலூசின் என்ற மூன்று எழுத்துத் துண்டு, பக்கத்துச் சோடியின் பீட்டா 4, பீட்டா 8 இழைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் கொக்கி போலப் போய் மாட்டும். கடைசியாக, ஒழுங்கான வடிவமில்லாத என்-முனைகள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கோளத்தை இறுக்கும்.

இங்கே மாணவர்கள் திணறுவது எண்ணிக்கையில். டிரிக் என்றால் 16 என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதலாம். ஆல்பா பிக்கு அப்படி ஒரே எண் இல்லை. 24 அலகுத் தொகுப்பு அடிக்கடி சொல்லப்படும், ஆனால் ஒரே கரைசலில் அதைவிடச் சிறியதும் பெரியதும் கலந்தே இருக்கும். அலகுகள் ஒரு தொகுப்பிலிருந்து கழன்று இன்னொன்றில் சேர்ந்துகொண்டே இருக்கும், சூடு கூடினால் இந்தப் பரிமாற்றம் வேகமாகும். ஆகவே "24" என்று மட்டும் எழுதி முடிப்பது அரைகுறை விடை. பல அளவில் இருக்கும், அலகுகள் மாறிக்கொண்டிருக்கும், அந்த மாற்றமே அதன் வேலைக்கு உதவுகிறது என்று எழுதுங்கள். புரதம் ஒட்டும் நீர்வெறுப்புப் பரப்புகள் பெரும்பாலும் தொகுப்புக்குள் மறைந்து இருப்பில் கிடக்கின்றன. கலம் சூடேறி மற்றப் புரதங்கள் குலையும்போது அவை வெளிவருகின்றன.

தரவு கொடுத்துக் கேட்கும் வினாவுக்கு இதே அறிவுதான் கை கொடுக்கும். எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதத்தைக் குலைத்து நிறைப்படி பிரிக்கும் முறை) 20 கிலோடால்டனில் ஒரே பட்டை, ஜெல் வடிகட்டல் நிரலில் (குலைக்காமல் அளவுப்படி பிரிக்கும் முறை) 400 முதல் 800 கிலோடால்டன் வரை அகலமான முகடு என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: 20 முதல் 40 அலகு. அப்புறம் முகடு ஏன் அகலம் என்று இரண்டு வரி எழுதுங்கள். எஸ்டிஎஸ் தொகுப்பைக் குலைத்து அலகுகளைப் பிரித்துவிட்டது, நிரலில் தொகுப்புகள் குலையாமல் பல அளவில் வந்தன. கணக்கை மட்டும் போட்டு இந்த விளக்கத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஸ்டடி லீவில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. லயத்தில் சிக்னல் கிடைக்காது, தொழிற்சாலை ரோட்டுக்கு ஏறிப் போய் நிற்க வேண்டும். கெம்பஸை விட்டுக் கிளம்பும் முன்பே புரதத் தரவு வங்கியில் டிரிக், எச்எஸ்பி90, ஆல்பா பி கட்டமைப்புகளைத் திறந்து, நாலாபக்கமும் சுழற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வங்கி இலவசம், போனிலேயே திறக்கும். வீட்டில் அந்தப் படங்களைப் பார்த்துக் கொப்பியில் வரையுங்கள், பிறகு பார்க்காமல் வரையுங்கள். சோடி சேரும் முகம் எது, கொக்கி மாட்டும் பள்ளம் எது என்று நிறப் பென்சிலில் காட்டுங்கள்.

நோயோடு இணைத்துக் கேட்டால் ஆர்120ஜி விகாரத்தை எழுதலாம். ஆல்பா பியின் 120ஆம் இடத்து ஆர்ஜினின் கிளைசினாக மாறுகிறது. அந்த இடம் சோடி சேரும் முகத்திலேயே இருப்பதால் தொகுப்பு பெரிதாகி ஒழுங்கு குலைகிறது. தசையில் டெஸ்மின் என்ற இழைப் புரதத்தோடு சேர்ந்து கட்டிதட்டுகிறது, கண்ணில் புரையும் வருகிறது. 1998இல் ஒரு குடும்பத்தில் கண்டறியப்பட்டது இது. எது பிடித்து வைக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று பாடத்தில் இல்லை.

எது பிரிக்கிறது என்பதற்கு எச்எஸ்பிபி1, அதாவது எச்எஸ்பி27. கலம் நெருக்கடியில் இருக்கும்போது பொஸ்பேற்றுக் கூட்டம் ஏறி, பெரிய தொகுப்பு சிறிய தொகுப்புகளாக உடைகிறது. 'பொஸ்பேற்று ஏறும்' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் இடங்களையும் எழுதுங்கள்: செரின் 15, 78, 82. மூன்றுமே என்-முனைப் பக்கம் இருப்பவை. கோளத்தை உள்ளிருந்து இறுக்கும் அதே முனை.