“அண்ணன் இப்பம் எங்க இருப்பாரு?”

மாமாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து, வந்தவர்கள் கட்டஞ்சாயா குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, அம்மா அடுக்களைத் திண்ணையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “மக்களே, அண்ணன் இப்பம் எங்க இருப்பாரு?” நான் பதில் சொல்லவில்லை. அம்மா மறுபடியும் கேட்கவில்லை; கிழங்குத் துண்டுகளைத் தண்ணீரில் அலசி அடுப்பில் ஏற்றினார். அந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

களியக்காவிளையிலிருந்து சிறிது தூரம் உள்ளே, ஓர் ஓடையைத் தாண்டினால் கேரளம் தொடங்கிவிடும் இடத்தில் எங்கள் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. மாமா அங்கே ஏறக்குறைய நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். அந்த வட்டாரத்தின் அவர் தலைமுறையினர் பலரைப் போலத் தமிழையும் மலையாளத்தையும் ஒரே சரளத்தோடு வாசிப்பார். இளவயதிலேயே ‘யுக்திவாதி’ என்ற மலையாளப் பகுத்தறிவு இதழின் பழைய பிரதிகள் அவர் கைக்கு வந்தன. அதற்குப் பிறகு அவர் ஆராதனைக்குப் போகவில்லை. ஆனால் யாரையும் போகவேண்டாம் என்று தடுத்ததுமில்லை. மழைநாளில் அம்மாவைச் சபைக் கோவில் வாசல்வரை குடைபிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிரிலுள்ள சாயாக்கடையில் காத்திருப்பார். சபைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. விளையிலேயே, அயனி மரத்துக்கு அப்பால் குழி எடுத்தோம். அந்த மண்ணின் முன்னால் நின்றுதான், ஜெபம் பண்ண வந்த ஒருவர் லூக்கா 16ஆம் அதிகாரத்தைத் திறந்து, ஐசுவரியவான் அக்கினி ஜுவாலையில் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஏங்கியதை வாசித்து, கிருபையின் காலத்தைத் தவறவிட்டவர்களின் நிலை இதுதான் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அம்மாவின் கை என் முழங்கையை இறுகப் பிடித்ததிலிருந்தே அவருக்கு யார் என்று புரிந்துவிட்டது தெரிந்தது.

எங்கள் பகுதியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் கிறிஸ்தவத்தின் அத்தனை பிரிவுகளையும் பார்த்துவிடலாம். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து வளர்ந்து இன்று தென்னிந்தியத் திருச்சபையாக இருக்கும் கோவில்கள், லத்தீன் கத்தோலிக்கர், சுரியானி வழிபாட்டைப் பின்பற்றும் மலங்கரைக் கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள், சனிக்கிழமை ஆராதிக்கும் ஏழாம் நாள் சபையினர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். இறந்தவரைப் பற்றி இவர்கள் ஒரே மாதிரி நம்புவதில்லை என்பதை அடக்கங்களுக்குப் போகிறவர்கள் நன்றாக அறிவார்கள். கத்தோலிக்கருக்கு, இறந்தவரின் ஆன்மா தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. நவம்பர் 2ஆம் தேதி மாலையில் அவர்களுடைய கல்லறைகள் முழுவதும் மெழுகுவர்த்திகள் எரியும், இறந்தவருக்காகத் திருப்பலி நடக்கும். எங்கள் சபையில் இறந்தவருக்காக ஜெபிக்கக் கற்றுத்தருவதில்லை. ஆறுதல் ஜெபம் இருப்பவர்களுக்கு மட்டும். ஏழாம் நாள் சபையினர், மரித்தவர் உயிர்த்தெழுதல்வரை உணர்வின்றி உறங்குகிறார் என்றும், துன்மார்க்கர் முடிவில் முற்றிலும் அழிந்துபோவார்களே தவிர முடிவின்றி வதைக்கப்படமாட்டார்கள் என்றும் நம்புகிறார்கள். ‘மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்’ என்ற, வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்து வசனத்தை அவர்கள் வாயிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே ‘கிறிஸ்தவர்கள் நரகத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்’ என்ற கேள்விக்கு எங்கள் ஊர்ச் சந்தியிலேயே ஒரே பதில் கிடைக்காது.

அன்றிரவு அம்மாவின் பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்து அதே அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். அந்த மனிதன் இருந்த இடத்துக்கு அங்கே ‘நரகம்’ என்ற சொல்லே இல்லை. ‘பாதாளத்திலே அவன் வேதனைப்படுகிறபோது’ என்றுதான் இருக்கிறது. மாமா வைத்திருந்த மலையாள வேதாகமத்திலும் பாதாளம்தான். எபிரெயர் ஷியோல் என்றும் கிரேக்கர் ஹேதஸ் என்றும் சொன்ன, இறந்தவர் எல்லோரும் போய்ச் சேரும் இருண்ட இடத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் பாதாளம் என்று எழுதினார்கள். யோசேப்பை இழந்ததாக நம்பிய யாக்கோபு, துக்கத்தோடு மகனிடத்தில் இறங்கிப்போவேன் என்று சொன்னதும் அந்தப் பாதாளத்துக்குத்தான். அவர்கள் இருவரையும் துன்மார்க்கர் என்று யாரும் சொல்லவில்லை. நரகம் என்ற சொல் பெரும்பாலும் கெகன்னா என்பதற்கு வைக்கப்பட்டது. கெகன்னா எருசலேமுக்குத் தெற்கே இன்றும் காணக்கிடைக்கிற ஒரு பள்ளத்தாக்கு. எரேமியா அதை ‘இன்னோமின் மகனுடைய பள்ளத்தாக்கு’ என்கிறார், பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட இடம் என்று சொல்லிக் கொதிக்கிறார். அது ஊரின் குப்பைமேடாக எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. அந்தச் செய்தி தெளிவாகத் தென்படுவது இயேசுவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய யூத உரையாசிரியர் ஒருவரிடம்தான். பிள்ளைகளைச் சுட்டெரித்த அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே தண்டனையின் பெயராக இயேசு எடுத்துச் சொன்னார் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த ஐசுவரியவான் எதை நம்பினான், எதை நம்பவில்லை என்பது பற்றி அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வாசலில் பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்த லாசருவைத் தாண்டித் தாண்டி நடந்தான் என்பதுதான் அவனைப் பற்றி நமக்குத் தெரிகிற செய்தி. ஒட்டுப்பால் விற்ற காசில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவருடைய குழிமேட்டில் வாசிக்கவேண்டிய பகுதி அதுவல்ல என்று இப்போதும் உறுதியாக நினைக்கிறேன்.

நரகம் என்ற சொல்லுக்கே நம் மண்ணில் வேறொரு பழைய வாழ்வு உண்டு. மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் மலைக்கு ஏறியவர்கள், பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர்களைப் பார்த்திருப்பார்கள். 9ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் தங்கிய அந்தத் திருச்சாரணத்துமலையில் இப்போது பகவதி கோவில் இருக்கிறது. பள்ளி விடுமுறை ஒன்றில் மாமா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். சமணத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஏழு நரகங்கள் உண்டென்றும், அங்கே கிடக்கும் காலம் மனிதக் கணக்குக்கு எட்டாத அளவு நீண்டதென்றும், ஆனால் வினை தீர்ந்தால் உயிர் வெளியே வந்துவிடும் என்றும் அந்தப் பாறை நிழலில் உட்கார்ந்து சொன்னார். குறளில் வரும் ‘அளறு’ என்ற சொல்லைப் பிற்காலத்தில் நான் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. அளறு என்றால் சேறு. ஒரு பிறப்பில் பேதை செய்யும் செயல், எழுபிறப்பும் அவன் அழுந்தும் சேறாகிறது என்கிறார் வள்ளுவர். ஏழு பிறப்பு என்பது பயங்கரமானதுதான், ஆனாலும் அதற்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது. நம் மக்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகக் கரையேற வழியுள்ள ஓர் இடத்தையே நரகம் என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லை எடுத்து, வாசல் அடைபட்ட ஓர் இடத்துக்கு வைத்தபோது அதன் கனமே மாறிவிட்டது.

மாமாவின் வாதம் எளிமையானது. கோவில் சுவரில் அகலமான வழியையும் இடுக்கமான வழியையும் காட்டும் படம் ஒன்று தொங்கும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலிருந்து உலகமெங்கும் பரவிய படம் அது. அகல வழியின் முடிவில் எரியும் நகரத்தைப் பார்த்துவிட்டு எட்டு வயதில் நான் இரவில் அழுதிருக்கிறேன். மறுநாள் விடியற்காலையில் மாமா என்னைப் புகைப்புரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கழிகளில் ரப்பர் ஷீட்டுகள் தொங்க, கீழே கதம்பையும் விறகும் கனன்றுகொண்டிருந்தன. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகைக்குள் என் உள்ளங்கையைப் பிடித்துக் கனலுக்கு மேலே கொண்டுபோனார். சூடு பட்டவுடன் நான் கையை இழுத்துக்கொண்டேன். “நான் ஒனக்க மாமன். நீ என்ன தப்பு செய்தாலும் ஒனக்க கைய இதில ஒரு நிமிஷம் வைக்க எனக்கு மனசு வராது. கடவுள் என்னைவிட மோசமா இருப்பாரா மக்கா?” என்றார். பிற்காலத்தில் அதையே வேறுவிதமாகச் சொல்வார்: எழுபது வருடம் தப்பு செய்தவனுக்கு முடிவே இல்லாத தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுக்காது.

ஐயவாதிகளின் நெடிய மரபில் மாமாவின் இந்த வாதமும் ஒரு கண்ணி. 1927இல் லண்டனில் ஆற்றிய உரையில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், கிறிஸ்துவின் ஒழுக்கத்தில் தாம் காணும் பெரிய குறை அவர் நரகத்தை நம்பியதுதான் என்றார். திருவல்லாவில் மார்த்தோமா சபைப் போதகரின் மகனாக 1898இல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரோ, உடலைப் பிரிந்து வாழும் ஆவி என்று ஒன்றே கிடையாது என்று நிறுவுவதற்காக வாழ்நாள் முழுவதும் அலைந்தார். மாமாவுக்குக் கோவூர்மேல் மிகுந்த மரியாதை. தன் கண்களைத் தானமாக எழுதிவைத்திருந்தார். அவற்றை எடுத்துச் சென்ற பிறகுதான் பெட்டியை மூடினோம்.

சபையின் பக்கத்திலும் இதை யோசிக்காமல் விடவில்லை. கொலை செய்ய ஒரு நிமிடம் போதும், அதற்காக ஒரு நிமிடம் மட்டுமா தண்டிக்கிறோம் என்று அகுஸ்தீன் 5ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். அந்தப் பதில் எனக்கு நிறைவு தரவில்லை, ஏனெனில் நீண்ட தண்டனைக்கும் முடிவில்லாத தண்டனைக்கும் உள்ள தூரத்தை அது கடக்கவில்லை. அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் ஓரிகன், கடைசியில் எல்லாமே கடவுளிடம் திரும்பும் என்று நம்பினார். 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் அவரைக் கண்டித்தது. 1999 ஜூலையில் போப் இரண்டாம் யோவான் பவுல், நரகம் என்பது ஓர் இடத்தைவிடத் தாமாகவே கடவுளிடமிருந்து பிரிந்துபோனவர்களின் நிலையையே குறிக்கிறது என்று விளக்கினார். மனிதனுக்குக் கடவுள் கொடுத்த விடுதலையை அவரே பறிப்பதில்லை என்ற இந்த விளக்கம்தான் மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது என்று கருதுகிறேன். ஆனால் மாமா பிரிந்து போனது கடவுளிடமிருந்தா, அந்தச் சுவர்ப்படத்திலிருந்தா என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

இதையெல்லாம் எழுதினாலும் மாமாவின் பக்கமே முழுவதுமாகச் சாய்ந்துவிட எனக்கு முடியவில்லை, அதற்குக் காரணம் எங்கள் குடும்பத்தின் கதை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல். எங்கள் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்கான உரிமை, 1822 முதல் நடந்த அடிதடிகளுக்குப் பிறகு, 1859இல்தான் அரச அறிவிப்பாக வந்தது. அதற்கு முன் இறந்தவர்களுக்கு யார் நியாயம் கொடுத்தார்கள்? அடித்தவன் மெத்தையில் படுத்து இறந்தான், அடிபட்டவள் வயலில் விழுந்து இறந்தாள், இரண்டு பேருக்கும் மண் ஒன்றுதான் என்றால், அந்தக் கணக்கு எங்கே தீரும்? மிஷனரிகள் நியாயத்தீர்ப்பைப் பிரசங்கித்தபோது எங்கள் முன்னோர் அச்சத்தினால் மட்டும் செவிகொடுத்திருக்க மாட்டார்கள். எசமானையும் விசாரிக்க ஒரு நீதிமன்றம் உண்டு என்ற செய்தியை வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள் கேட்டிருப்பார்கள். இதை ஒருநாள் மாமாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் கோர்ட்டு அங்க இருக்குன்னு சொல்லித்தான் இங்க கோர்ட்டு கட்டாம விட்டாங்க” என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் இறந்தவளுக்கு அது பதிலாகாது, அதை அவரும் அறிந்திருந்தார் என்று அவர் முகத்திலிருந்து எனக்குத் தோன்றியது.

ஆகவே தீர்ப்பு ஒன்று வேண்டும் என்று நம்புகிறேன். முடிவில்லாத சூளை ஒன்று வேண்டும் என்று நம்ப என்னால் இயலவில்லை. ‘ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர்’ என்று மத்தேயுவில் இயேசு சொல்லும்போது அழித்தல் என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்று தோன்றுகிறது. அதே சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் ‘நித்திய ஆக்கினை’ என்றும் இருக்கிறது. அந்த வசனத்தின் முன்னால் நான் தடுமாறுகிறேன். ஆனால் அந்த அதிகாரத்திலும் பசித்தவனுக்குப் போஜனம் கொடுத்தாயா என்றே கேட்கப்படுகிறது.

ஒருநாள் அம்மாவிடம் இவற்றை என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். மாமா நெருப்பில் இல்லை என்று நம்புகிறேன் என்றும், விசுவாசப்பிரமாணத்தில் நாம் வாரந்தோறும் ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்று அறிக்கையிடுகிறோம், இறந்தவர் இருக்கும் இடம் இயேசு போகாத இடமல்ல என்றும் சொன்னேன். பேதுருவின் முதல் நிருபத்தில் காவலிலுள்ள ஆவிகளுக்குப் இயேசு பிரசங்கித்தார் என்று வரும் பகுதியை அம்மா வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். “நீ சொல்லது எல்லாம் எனக்கு மனசிலாகல்ல” என்றார். பாறசாலையில் வாழ்க்கைப்பட்டு மலங்கரைச் சபையில் சேர்ந்த சித்தி, நாற்பத்தொன்றாம் நாளில் மாமாவின் பெயருக்குக் குர்பானா (திருப்பலி) வைத்திருப்பதாக ஃபோனில் சொன்னபோது, முன்பென்றால் மறுத்துப் பேசியிருக்கும் அம்மா, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

இரவில் படுக்கும்முன் அம்மா குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார்; மூத்தவரிலிருந்து இளையவர்வரை, சிறுவயதிலிருந்து நான் கேட்டுவரும் வரிசை அது. மாமாவின் பெயர் இன்னும் அந்த வரிசையில், பெரியம்மாவின் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவில், முன்பிருந்த அதே இடத்தில் வருகிறது.