கூப்பிடாமல் வந்த மூன்று பேர்

எங்கள் பங்குக் கோயிலில் எனக்கிருந்த பொறுப்பு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்கு மட்டும்தான். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நோட்டை மூடும்போது ஒருவர் வந்து நிற்பார். பண உதவிக்கு அல்ல. குடியை விட்டு நாலு மாதம் ஆகிறது, ஆனால் செபத்தில் உட்கார முடியவில்லை என்றார். அப்புறம் ஒருவர், மனைவி இறந்ததிலிருந்து செபமாலையைத் தொடவே இல்லை என்றார். ஒரே வருடத்தில் இப்படி மூன்று ஆண்கள். "ஃபாதர்கிட்ட இதையெல்லாம் போய்ச் சொல்ல முடியுமா?" என்று மூவருமே கேட்டார்கள்.

என் ஆன்மிக வழிகாட்டியான இயேசு சபைத் தந்தையிடம் இதைச் சொன்னேன். "நீங்க கூப்பிடாம வந்தாங்களா?" என்றார். "ஆமா ஃபாதர்." "அப்போ இதைக் கவனிக்கணும்."

பிறருக்கு ஆன்மிகத் துணையிருப்பதற்கான பயிற்சியில் உடனே சேரச் சொல்லவில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற செப, தியான முறையை முதலில் நானே முழுதாகச் செய்ய வேண்டும் என்றார். 30 நாள் மௌனத் தியானத்துக்கு எனக்கு லீவு கிடைக்காது. வேலையையும் குடும்பத்தையும் விடாமல் செய்வதற்கு, அந்த நூலின் தொடக்கத்தில் உள்ள 19ஆம் முன்குறிப்பில் இஞ்ஞாசியாரே வழி வைத்திருக்கிறார். விடியற்காலையில் ஒரு மணி நேரச் செபம், வாரம் ஒரு சந்திப்பு. எட்டு மாதத்துக்கு மேல் ஆனது.

குருப்பட்டம் இல்லாதவன் இதைச் செய்யலாமா என்பதுதான் என் பெரிய தயக்கம். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் அந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியபோது இஞ்ஞாசியாரும் பொதுநிலையினர்தான். குருப்பட்டம் பெற்றது 1537இல். அதற்கு முன்பே அல்காலாவில் மக்களுக்குப் பயிற்சிகள் கொடுத்து, அதனால் விசாரணைக்கு ஆளாகிச் சிறையிலும் இருந்தார். இதைக் கேட்டபின் மனம் அமைதியானது. ஆனால் பாவமன்னிப்பு குருவின் பணி. யாராவது பாவத்தைச் சொல்லத் தொடங்கினால் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

பிறகுதான் பயிற்சி. ஒருவரோடு பேசியதை, பெயர் ஊர் இல்லாமல், நினைவிலிருந்து எழுதி மேற்பார்வையாளர் முன் வாசிக்க வேண்டும். அண்ணனோடு பாகப்பிரிவினைச் சண்டையில் இருந்த ஒருவரிடம், "நீங்களே முதல்ல போய்ப் பேசிடுங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் அடுத்த மாதம் வரவில்லை. எழுதியதை வாசித்து முடித்ததும் மேற்பார்வையாளர் சொன்னார்: "அவர் பேசினது நாலு வரி. நீங்க பேசினது ஒண்ணரைப் பக்கம்."

15ஆம் முன்குறிப்பை எடுத்துக் காட்டினார். பயிற்சி கொடுப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள் போல நடுவில் நிற்க வேண்டும். படைத்தவரே அந்த ஆன்மாவோடு நேரடியாகப் பேச இடம் விட வேண்டும். எத்தனையோ முறை படித்த வரி. அன்றுதான் வலித்தது. அந்த மனிதர் இன்றுவரை திரும்ப வரவில்லை. தினமும் அவருக்காகச் செபிக்கிறேன்.

ஆண்களுக்குத் துணையிருப்பதில் பொறுமைதான் முக்கால்வாசி. "எப்படிப் போச்சு?" என்றால், வாரத்தில் எத்தனை நாள் செபித்தோம் என்று கணக்கு ஒப்பிப்பார்கள். "அந்த நேரத்துல மனசு எப்படி இருந்துச்சு?" என்றால் மௌனம். ஒரு மணி நேரம் இப்படியே போகும். எழுந்து வெளியே வந்து, வண்டிச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் உண்மையான பேச்சு வரும். அதனால் இப்போது வேப்ப மரத்தடி வரை கூடவே நடந்து போகிறேன்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் விதி. அன்பியம் என்ற பங்கின் சிறு குழுவில் தனக்கிருந்த பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் கொதித்து வந்தார். அவர் வாயாலேயே "கொஞ்ச நாள் போகட்டும்" என்று வரும்வரை மூன்று சந்திப்புகள் ஆயின.

மனைவியை இழந்த அந்த அண்ணன் போன மாதமும் வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "இன்னும் சொல்ல ஆரம்பிக்கல தம்பி. பீரோவுலேர்ந்து எடுத்துப் பையில வச்சிருக்கேன். அவளோடது."

நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கிளம்பும்வரை பக்கத்திலேயே நின்றேன்.