பனையோலை வெள்ளியும் பன்னாடைக் குடிலும்: இந்த நத்தாருக்குச் செய்து பார்த்தவை

போன வருஷம் நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) ரிசூ பேப்பரில் கட்டிய வெளிச்சக்கூடு மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. மூங்கில் சிலாகை பிளந்து, ஐந்து முனை வெள்ளி (நட்சத்திரம்) கட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டி விறாந்தையில் தூக்கியிருந்தேன். மழை அதில் நேரே விழவில்லை. சாரலும் ஈரக்காற்றும் மட்டுந்தான். மூன்றாம் நாள் விடியப் பார்த்தால் பேப்பர் தொய்ந்து, பசை இளகி, சிவப்புச் சாயம் சுவரில் கோடு கோடாய் இறங்கியிருந்தது. பள்ளிக்கூடத்து ஒளிவிழாவுக்குப் போக வெளிக்கிட்டு நின்ற மகள் அதைப் பார்த்து அழுதே விட்டாள்.

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் மார்கழி (நாங்கள் டிசம்பரைச் சொல்வது) என்றால் மழைதான். எங்கள் வீடு முரசுமோட்டைப் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. பின்வளவைத் தாண்டினால் வயல். 2018 மார்கழியில் நத்தாருக்குச் சில நாள் இருக்கும்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். அந்த வருஷம் வீட்டில் இயேசு பிறந்த குடிலே வைக்கவில்லை. ஆகவே, ஈரத்தைத் தாங்கக்கூடியதாய், வளவிலேயே கிடைக்கக்கூடியதாய் உள்ள பொருளில்தான் இனி அலங்காரம் என்று போன நத்தார் முடிந்த கையோடு முடிவெடுத்தேன்.

ஓலை

ஜேர்மனியில் இருக்கும் தங்கச்சி கடதாசி வாரில் மடித்த வெள்ளிகளின் படம் அனுப்பியிருந்தாள். அங்கே அதைப் பிரோபெல் வெள்ளி என்கிறார்கள். பாலர் பாடசாலை முறையைத் தொடங்கிய பிரெடெரிக் பிரோபெலின் பெயர்தான் அது. படத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு இது பெட்டி இழைக்கிற வேலை என்று பட்டது. நாலு வார், பின்னல், மடிப்பு. அப்படியானால் பனையோலையில் ஏன் முடியாது?

புரட்டாதி வெயிலில் காயவைத்துச் சுருட்டி வைத்திருந்த சார்வோலை (இளம் பனையோலை) கொஞ்சம் இருந்தது. ஈர்க்கை உரித்து 1.5 சென்ரிமீற்றர் அகலத்தில் வார்ந்தேன். நீளம் 45 சென்ரிமீற்றர். அகலத்தைப் போல முப்பது மடங்கு நீளம் இருந்தால்தான் கடைசி மடிப்புக்கு ஓலை காணும்.

முதல் நாள், மார்கழி 2, மத்தியானம் சமையலை முடித்துவிட்டு மடிக்க உட்கார்ந்தேன். அன்றைக்கு அபூர்வமாய் நல்ல வெயில். மடித்த இடமெல்லாம் ஓலை பட்டுப் பட்டென்று வெடித்தது. ஏழு வெள்ளி தொடங்கி ஒன்றும் முடியவில்லை. பக்கத்து வளவில் பாய் இழைக்கிற அம்மம்மா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "பிள்ளை, வெயிலுக்கை ஓலையோட மல்லுக்கட்டாதை. இரவைக்குப் பனியில போட்டிட்டு விடியப்புறம் எடுத்து இழை. ஓலை உன்ர சொல்லுக் கேக்கும்."

கேட்டது. அடுத்த நாள் விடிய நாலரைக்கு எழும்பி, பனியில் கிடந்த வார்களை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு வாரையும் நடுவில் மடித்து, ஒன்றின் இரண்டு கால்களை மற்றதன் மடிப்புக்குள் விட்டு, நாலையும் கோத்து மெல்ல இழுத்தால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு சதுரம் இறுகி நிற்கும். பெட்டியின் அடி தொடங்குவது மாதிரியேதான். பிறகு மேல் கால்கள் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாய்த் திருப்பி, கடைசிக் காலை முதல் மடிப்புக்குள் செருக வேண்டும். அதன்பின் முனைகள். ஒரு பக்கம் நாலு, திருப்பிப் பிடித்து மற்றப் பக்கம் நாலு. தட்டையான எட்டு முனை வந்துவிடும். நடுவில் கூம்பு மாதிரி எழும்பி நிற்கிற முனைகள்தான் கடினம். காலைச் சுழற்றி, ஓலையின் மினுங்கும் பக்கம் வெளியே வரும்படி பிடித்து, சதுரத்தின் சின்ன வாய்க்குள் நுழைக்க வேண்டும். கடதாசி என்றால் வளைந்து கொடுக்கும். ஓலை எதிர்த்து நிற்கும். ஆனால் ஒருதரம் உள்ளே போய்விட்டால் பசையே தேவையில்லை, தானாய் இறுகிக்கொள்ளும். முதல் வெள்ளிக்கு ஒரு மணித்தியாலம் போனது. பத்தாவதைக் கால் மணித்தியாலத்தில் முடித்தேன். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர்.

சாயத்தில் ஒரு பாடம். மஞ்சளை அவித்துத் தோய்த்த வார்கள் முதல் நாள் பொன் மாதிரி இருந்தன. யன்னலில் கட்டியவை ஒரு கிழமையில் வெளிறிவிட்டன. வீட்டுக்குள் வெயில் படாமல் தூக்கியவை இன்னும் அப்படியே இருக்கின்றன. சிவப்புக்கும் பச்சைக்கும் ஓலையில் பெட்டி, பாய் இழைக்கிற பன்னவேலைக்காரர் வாங்குகிற பக்கற் சாயத்தைத்தான் வாங்கினேன். கொதிக்கிற தண்ணீரில் சாயத்தையும் ஒரு கை உப்பையும் போட்டு இருபது நிமிடம் வார்களை அவித்து, நிழலில் உலர்த்தினேன்.

பூஞ்சணம்

மார்கழி 9 தொடக்கம் ஐந்து நாள் விடாத மழை. நான் கெட்டித்தனமாய் முப்பத்திரண்டு வெள்ளியையும் பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். திறந்தபோது நாற்றம் வந்தது. ஏறக்குறைய பாதியில் சாம்பல் நிறப் பூஞ்சணம். ஈரத்தோடு இழைத்ததை உலரவிடாமல் மூடியது என் பிழை. வினாகிரி தொட்ட துணியால் ஒவ்வொன்றாய்த் துடைத்து, நூலில் கோத்து, குசினியில் விறகடுப்புக்கு மேலே கட்டினேன். இரண்டு நாள் புகையில் தொங்கியது. பூஞ்சணம் பிறகு வரவில்லை. சாயம் போடாத வெள்ளிகள் புகையில் இளம் தேன் நிறமாய் மாறியிருந்தன. எனக்கு இப்போது பிடித்தவை அவைதான். அடுத்தமுறை எல்லாவற்றையுமே அடுப்புக்கு மேலே கட்டத்தான் போகிறேன்.

தென்னங்குருத்தில் தோரணமும் பின்னிப் பார்த்தேன். அது ஒரு நாள் அழகு. கோயில் திருவிழாவுக்குச் சரி, ஒரு மாதம் வீட்டில் தொங்குவதற்குச் சரிவராது.

குடில்

குடில் என்றால் என் மனது வேறு மாதிரி ஆகிவிடும். 1223 இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது சோடனைப் பொருள் ஒன்றும் வைக்கவில்லை. உண்மையான வைக்கோல், உண்மையான மாடு, கழுதை. அந்த ஊர்ச் சனங்கள் அன்றாடம் பார்க்கிறவை. எங்கள் வீட்டுக் குடிலும் எங்கள் வளவு மாதிரியே இருக்க வேணும் என்று எனக்கு ஆசை.

கூரைக்குப் பன்னாடை, தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கிறதே, அது. தென்னையிலிருந்து விழுந்ததைக் கழுவி, பாரம் வைத்துத் தட்டையாக்கி, இரண்டு தட்டாய்ப் போட்டேன். நெசவு துணி மாதிரியே இருக்கும், நிறமும் பழைய கூரையின் நிறம். சுவருக்கு ஈர்க்கு அடுக்கிக் கட்டினேன். கீழே சிறுபோகத்து வைக்கோல். முன்னால் வயல். அதற்குத் தயிர்ச்சட்டி மூன்றில் மண் நிரப்பிக் குரக்கன் தூவினேன். 12ஆம் திகதி தூவியது 24ஆம் திகதிக்கு நாலு விரல் உயரம் வளர்ந்து, வெளியில் நிற்கிற காலபோக (மழைக்காலப் போக) நெல்லுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. ஒரு சட்டியைக் கோழி கிளறிவிட்டது, அதனால் வயலுக்கு நடுவில் ஒரு குளம் வைத்தோம்.

நத்தார் தாத்தாவை மகள் செய்தாள். பனங்கிழங்குக்குப் பாத்தி போடும்போது ஒதுக்கிய பனங்கொட்டை ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருந்தோம். தும்பைச் சீப்பால் வாரிவிட்டால் தாடி தயார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. குன்றிமணியின் பருப்பு நஞ்சு என்பதால் ஒட்டும் வேலையை நானே செய்தேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் மிளகு போதும்.

வெளிச்சம்

காய்ந்த ஓலை நெருப்புக்கு எவ்வளவு ஆசைப்படும் என்று காவோலை எரித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே மெழுகுதிரி வேண்டாம், பற்றரியில் எரிகிற சின்ன எல்.ஈ.டி. மாலை மட்டும். அதை வைக்க ஜாம் போத்தல்களைக் கழுவி, வெளியே ஓலை வாரால் வலை மாதிரி இழைத்தேன்.

போத்தலைக் கண்டதும் அம்மா கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது எங்கள் வீட்டில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைச் செருகி ஏற்றுவது. அதன் வெளிச்சத்தில்தான் நான் எழுதப் படித்தேன். "அப்ப உதுக்கு உடுப்புப் போட எங்களுக்கு நேரம் இல்லை, பிள்ளை" என்றா. பிறகு தானே ஒரு வாரை எடுத்து, நான் விட்ட இடத்திலிருந்து இழைக்கத் தொடங்கினா. அவவின் முடிச்சு என்னுடையதைவிட நெருக்கமாய் இருக்கிறது. மூன்றாவது போத்தலைப் பார்த்தால் யார் கை எது என்று தெரியும்.

24ஆம் திகதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வரும்போது நல்ல மழை. விறாந்தையில் தூக்கிய வெள்ளிகள் நனைந்திருந்தன, ஒன்றும் தொய்யவில்லை. மூவிராசாக்கள் திருநாளோடு கழற்றுவதுதான் வழக்கம். பக்கத்து அம்மம்மா தைப்பொங்கலுக்குத் தன் வாசலுக்கு ஒரு மாலை கேட்டிருப்பதால் பன்னிரண்டு வெள்ளியை அடுப்புக்கு மேலேயே விட்டிருக்கிறேன். இன்னும் எட்டு வேண்டும். வார் இருக்கிறது, பனியும் பெய்கிறது.