ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன்: நான்கு தங்கத்துக்கு அப்பால்

1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் 5.70 மீட்டரைக்கூட எட்டவில்லை. உயரம் தாண்டுதலில் தங்கத்துக்கு 1.68 மீட்டர் போதுமானதாக இருந்தது. இவ்விரண்டிலும் அப்போது உலகச் சாதனையை வைத்திருந்தவர் ஒரே பெண்: 6.25 மீட்டர், 1.71 மீட்டர். தனிநபர் போட்டிகளில் மூன்றுக்கு மேல் பங்கேற்கக் கூடாது என்ற விதியால், போட்டிகள் நடந்த அதே வெம்பிளி அரங்கில் இருந்தும் அவர் அவற்றில் தாண்டவில்லை. அவர்தான் நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன். ஓடிய நான்கு போட்டிகளிலும் அவர் தங்கம் வென்றதை எல்லோரும் சொல்கிறார்கள்; என் மனம் மட்டும் அவர் தாண்டாத அந்த இரண்டையே சுற்றி வருகிறது.

1936 இல் ஒலிம்பிக்குக்காகப் பெர்லினுக்குச் சென்றபோது அவருக்கு வயது 18. பதக்கம் ஏதுமின்றித் திரும்பினாலும், அமெரிக்க ஓட்ட வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் கையெழுத்தைக் கொண்டுவந்தார். அதன்பின் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகளைப் போர் விழுங்கியது. ஓட்டக்காரரின் உடல் உச்சத்தில் இருக்கும் அந்த ஆண்டுகளை, ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ், உணவுத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, கைக்குழந்தையோடு அவர் கழித்தார். மேற்சொன்ன இரண்டு தாண்டுதல் சாதனைகளும் 1943 இல், அந்த இருட்டுக்குள் நிகழ்ந்தவை என்பதை நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

லண்டனுக்கு வந்தபோது அவர் 30 வயதைக் கடந்த, இரண்டு பிள்ளைகளின் தாய். வயதாகிவிட்டது என்றும், குழந்தைகளை விட்டுவிட்டு ஓடப் போகிறாளே என்றும் பேசியவர்கள் பலர். 100 மீட்டரை 11.9 விநாடியில் வென்றார். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் அவருக்கும் பிரிட்டனின் மோரீன் கார்ட்னருக்கும் ஒரே நேரமான 11.2 விநாடி பதிவாயிற்று. முடிவு அறிவிக்கப்படும் முன்பே பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒலித்ததால், தோற்றுவிட்டதாகவே அவர் எண்ணினார். உண்மையில் அரச குடும்பத்தினர் அரங்கினுள் வந்ததால்தான் அது இசைக்கப்பட்டது.

அதன்பின் 200 மீட்டர் அரையிறுதிக்கு முன் நடந்தது என்னை மிகவும் நெகிழ வைப்பது. பிள்ளைகளின் நினைவும் களைப்பும் சேர்ந்து அழுத்த, வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதார். பயிற்சியாளரும் கணவருமான யான் பிளாங்கர்ஸ், ஓடாவிட்டால் பின்னர் வருந்துவாய் என்று எடுத்துச் சொல்லித் தேற்றினார். அழுது தீர்த்து ஓடியவர், சேறாகிக் கிடந்த தடத்தில், பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடத்தப்பட்ட அந்த 200 மீட்டரின் இறுதிப் போட்டியை 0.7 விநாடி இடைவெளியில் வென்றார். நான்காவது தங்கம் தொடர் ஓட்டத்தில், கடைசி ஆளாக ஓடிப் பின்னாலிருந்து முந்தி வந்து பெற்றது.

ஆம்ஸ்டர்டாம் அவரைக் குதிரை வண்டியில் ஊர்வலமாக அழைத்துச் சென்றது. இனி இவ்வளவு ஓட வேண்டாம் என்று சைக்கிள் ஒன்றும் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. 'பறக்கும் இல்லத்தரசி' என்ற பட்டத்தைப் பத்திரிகைகள் சூட்டின. அன்போடு சொன்னதாக இருக்கலாம். ஆனால் ஆறு போட்டிகளில் உலகின் முதல் இடத்துக்குத் தகுதியான ஒருவரை வீட்டு வாசலிலேயே நிறுத்தி அடையாளப்படுத்தியது அது என்பதே என் கருத்து. 1999 இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் அவரை நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. 2004 இல் அவர் காலமானார்.

1972 இல் மியூனிக்கில் ஓவன்ஸை மீண்டும் சந்தித்தார். பழைய கையெழுத்து இன்னும் தன்னிடம் இருப்பதைச் சொல்லித் தன் பெயரையும் சொன்னபோது, யாரென்று சொல்லவே வேண்டாம், உங்களைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும் என்றார் ஓவன்ஸ்.