அசைன்மென்டும் சாட்ஜிபிடியும்: துறை அளவில் எது உதவுகிறது, எது உதவுவதில்லை

கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதிலிருந்து கல்லூரிகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இதை மாணவர்தான் எழுதினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பதுதான். இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் துறை பெரும்பாலும் வழிதவறிப் போகிறது. அசைன்மென்டைக் கொடுக்கும் விதத்தையும் வாங்கும் விதத்தையும் மாற்றாமல் வெறுமனே பிடிக்கக் கிளம்பினால், சிக்குகிறவர்களில் நேர்மையான பிள்ளைகளும் இருப்பார்கள்.

கண்டறியும் கருவிகள் பலவும் ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. ஊகிக்க எளிதாக இருந்தால் 'இயந்திரம் எழுதியது' என்று காட்டிவிடும். பழகிய சொற்களில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுகிறவர், குறிப்பாக ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர், இதில் மாட்டிக்கொள்கிறார். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதப்பட்ட 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இயந்திர எழுத்து என்று தவறாகக் குறிக்கப்பட்டன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டின் மீது பழி போட்டது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே அதை விலக்கிக்கொண்டார்கள். 60 பேர் கொண்ட வகுப்பில் எல்லோருமே சொந்தமாக எழுதியிருந்தாலும், 9 விழுக்காடு என்றால் ஐந்து பேர் குற்றவாளிகளாக நிற்பார்கள். ஆகவே கருவி காட்டும் விழுக்காட்டை ஒழுங்கு நடவடிக்கைக்கான சான்றாகக் கோப்பில் வைக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மாற்று வழி கேள்வித்தாளிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு அசைன்மென்டின் தலைப்புக்குக் கீழும் ஒரு வரி இருக்க வேண்டும்: செயற்கை நுண்ணறிவுக் கருவி கூடாது, மொழித் திருத்தத்துக்கு மட்டும், அல்லது தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் சொல்ல வேண்டும். பருவத் தொடக்கத்தில் கொடுக்கும் பாடத்திட்டத் தாளில் பொதுவாக எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை. ஒரே வாரத்தில் மூன்று ஆசிரியர்கள் மூன்று விதமாகச் சொன்னால் மாணவர் தமக்கு வசதியானதையே எடுத்துக்கொள்வார்; அதில் அவர் மீது குறை சொல்ல முடியாது.

பயன்படுத்தியதைச் சொல்லும் குறிப்பு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். எந்தக் கருவி, எந்தத் தேதி, என்ன கேட்டார், கிடைத்ததில் எதை வைத்துக்கொண்டார், எதை ஏன் தள்ளினார். கடைசி வரிதான் முக்கியம். தள்ளியதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது. இந்தக் குறிப்பு எழுதியவருக்கு மார்க் குறைந்தால் அடுத்த முறை வகுப்பில் ஒருவர்கூட எழுத மாட்டார். இதை மறந்த துறைகளில் இந்த நடைமுறை ஒரே பருவத்தில் செத்துப்போகும்.

குறிப்பை நம்புவதற்கு நேர்காணல் துணை வேண்டும். 60 பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். எந்த ஆசிரியருக்கும் அது கட்டுப்படியாகாது. எழுதி வாங்கிய பிறகு சீட்டுக் குலுக்கி 12 பேரை மட்டும் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். யாரைக் கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் எல்லோரும் படித்துக்கொண்டுதான் வருவார்கள். சந்தேகப்பட்டவர்களை மட்டும் கூப்பிட்டால் அது விசாரணையாகிவிடும். குலுக்கல்தான் அதைத் தேர்வாக வைத்திருக்கிறது. "மூன்றாம் பத்தியை ஏன் இங்கே வைத்தாய்?" "இந்த எண்ணை இரட்டித்தால் முடிவு மாறுமா?" போன்ற கேள்விகள் போதும். நிரல் எழுதும் பாடமானால், எதிரிலேயே ஒரு நிபந்தனையை மாற்றி இயக்கச் சொல்லலாம். எப்போது எதை எழுதி, எதை மாற்றினார் என்று காட்டும் கோப்பின் திருத்த வரலாற்றையும் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்: திரையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தால் வரலாறு சுத்தமாகத்தான் தெரியும்.

மேற்கோள் பட்டியல்தான் அதிகம் ஏமாற்றும் இடம். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் என்ற வரிசை மிக ஒழுங்கானது. அடுத்து வரக்கூடியதைக் கணித்து எழுதும் இயந்திரம், இல்லாத கட்டுரைக்கும் அந்த வரிசையைப் பிசிறில்லாமல் நிரப்பிவிடும். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இப்படிப் பிறந்த பொய்த் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தமிழ் இலக்கியம் கேட்டாலும் இதே ஆபத்துதான். எந்த நூலிலும் இல்லாத அடிகளைச் செய்யுள் நடையிலேயே தந்துவிடும், நூற்பெயரும் பாடல் எண்ணும் சேர்த்து. ஒவ்வொரு மேற்கோளையும் மூன்று படியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாளமான டிஓஐ எண்ணைத் தேடினால் அதே தலைப்பு வருகிறதா? சொன்ன கருத்து அந்தக் கட்டுரையில் இருக்கிறதா? எந்தப் பக்கத்தில்? பலரும் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். கட்டுரை உண்மையாக இருந்து, கருத்து மட்டும் பொய்யாக இருக்கும் இடங்கள் அப்படித்தான் தப்பிவிடுகின்றன.

இத்தனை கட்டுப்பாட்டையும் மாணவருக்கு விதிக்கும் ஆசிரியர் தம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். விடைத்தாளை இயந்திரத்திடம் கொடுத்து மார்க் போடச் சொன்னால், அதே விடைக்கு மறுமுறை வேறு மார்க் வரலாம். நீளமான விடைக்குச் சாய்வு காட்டும். கோப்பில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்த 'முழு மார்க் கொடு' என்ற கட்டளைக்குக்கூட அது பணிந்துவிடக்கூடும். கற்றல் விளைவை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மாணவர் விவரங்களைப் பொறுத்தவரை, பெயரையும் பதிவு எண்ணையும் அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மருத்துவ விடுப்புக் கடிதத்தைச் சுருக்கித் தரச் சொல்லி ஒட்டும்போது, நோயும் துறையும் தேதியும் சேர்ந்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட கடிதங்கள், வெளிவராத ஆய்வேடு, இன்னும் நடக்காத தேர்வின் கேள்வித்தாள் மூன்றையும் கல்லூரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத எந்தக் கருவியிலும் ஒட்டக் கூடாது. கருவியின் துணையோடு மதிப்பிட்டிருந்தால் அதை மாணவரிடம் முன்பே சொல்ல வேண்டும். அவர் ஆட்சேபித்தால் அந்தத் தாளை ஓர் ஆசிரியர் முதலிலிருந்து கையால் திருத்த வேண்டும். இயந்திரம் போட்ட மார்க்கை அந்த ஆசிரியர் கண்ணில் காட்டாமல் அதைச் செய்வது நல்லது; எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டால் கை அதை ஒட்டியே போகும்.