விளிம்புச் சரிவு ஒழிந்தது

தொலைநோக்கிக்காக நான் தேய்த்துவரும் ஆறு அங்குல ஆடியின் சரிந்த விளிம்பு ஒருவழியாகச் சரியாகிவிட்டது. ஆடியிலிருந்து திரும்பும் ஒளியைப் பிளேடால் மறைத்து வடிவப் பிழையைக் காணும் ஃபூக்கோ சோதனையில், நேற்றிரவு பிளேடை நகர்த்தியபோது ஆடி முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறத்துக்கு மங்கியது. இடம், வலம் இரண்டு ஓரங்களிலும் மயிரிழை ஒளிக்கோடு அறுபடாமல் நின்றது. அந்தக் கோடு ஒரு பக்கம் மட்டும் காணாமல்போய்ப் படுத்தும் பாடு, இதில் கைவைத்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாம் பிட்ச், அதாவது மெருகேற்றும் தட்டில் பூசும் தார் போன்ற பிசின், செய்த வேலை. கரடான 80ஆம் எண் தூள் முதல் நுண்ணிய 500 வரை தேய்ப்பில் சிக்கலே இல்லை. மெருகுக்கு வந்ததும் வினை தொடங்கியது. குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும் பதம் மதுரைக் கோடையில் இளகி, ஆடியின் ஓரத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே பிட்சைச் சிறுதீயில் மீண்டும் காய்ச்சி, அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்ததும் கட்டைவிரல் நகத்தால் சோதித்தேன். நிதானமாக அழுத்தினால் தடம் மெல்லப் பதிய வேண்டும். வெடுக்கென்று குத்தினால் சில்லாகத் தெறிக்க வேண்டும். அதுதான் நம் ஊர்ப் பதம். ஆடியைத் தள்ளி இழுக்கும் வீச்சையும் குறைத்து, விடியற்காலையில் மட்டுமே மெருகேற்றினேன்.

மெருகுத் தூளான சீரியம் ஆக்சைடு கண்ணாடிக் கடைகளுக்குத் தூள் விற்பவர்களிடமே கிடைக்கிறது. தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அடியில் தங்கும் பருக்கையை ஒதுக்கிவிடுங்கள். ஒரு பருக்கை போதும், கீறல் விழுந்துவிடும்.

ஜான் டாப்சனை நினைக்காமல் எனக்கு ஒரு தேய்ப்பும் நகர்வதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபுத் துறவியாக இருந்தவர். தொலைநோக்கிப் பித்தால் 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரை அழைத்து நிலவைக் காட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். பள்ளி நாளிலிருந்து சனி வளையத்தைப் பார்க்கும் ஆசையைச் சுமந்துகொண்டு, கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைப் பார்க்க வேண்டும். இனி என் மாலைகள் அதற்குத்தான். 2025இல் கோடாய்ச் சுருங்கிய வளையம் வரும் ஆண்டுகளில் அகல விரியப்போகிறது, நல்ல நேரம்!

எஃப் 8, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு என்பதால் கோள வடிவமே ஏறக்குறையப் போதும். இருந்தாலும் பரவளையமாக்கிவிட்டுத்தான் அலுமினியப் பூச்சுக்கு அனுப்புவேன். அதற்குள் தொலைநோக்கியை ஏந்தும் டாப்சன் தாங்கியின் மரவேலை மனத்தில் ஓடுகிறது. ஃபார்மைக்காவும் டெஃப்லான் துண்டுகளும் கைவசம் இருக்கின்றன. 18 மி.மீ. பிளைவுட் மதுரையில் நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.