தலையை ஆட்டாதே

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்குப் பழைய சந்தை ஊர் ஒன்றைக் காட்டலாம் என்று பேக்வெல் அழைத்துப் போனேன். இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். பஸ்ஸிலேயே வரலாற்றை ஆரம்பித்தேன். வை ஆற்றின் மேல் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலம், ஐந்து வளைவு, இன்றைக்கும் வண்டி போகிறது என்றேன்.

"நம்ம கல்லணையை விட மூத்ததா?" என்றார். அத்தோடு வரலாற்றை மூடி வைத்தேன்.

அந்த ஊரின் பெருமை பேக்வெல் புட்டிங். அடியில் அடுக்கு மாவு, நடுவில் ஜாம், மேலே முட்டையும் பாதாமும். சமையல்காரி ஒருத்தி முட்டைக் கலவையை மாவில் சேர்க்காமல் ஜாம் மேல் ஊற்றிவிட்டதால் பிறந்தது என்று கதை சொல்கிறார்கள். அசல் செய்முறை எங்களிடம்தான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் போர்டு. மணப்பாறை முறுக்குக் கடைகளைப் பார்த்தவருக்கு இதெல்லாம் புதிதா என்ன? ஆனால் அப்பா திங்கட்கிழமை முட்டை தொடமாட்டார். பேக்வெல்லில் சந்தை கூடுவதோ திங்கட்கிழமைதான். இரண்டு பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு மாடு ஏலம் என்றதும்தான் அப்பாவின் முகம் மலர்ந்தது. உள்ளே ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையைக் கூவிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற விவசாயிகளோ சிலை மாதிரி நின்றார்கள்.

"துண்டுக்குள்ள கையைப் போட்டு விரலைப் பிடிச்சு வெல பேசுனா ரெண்டு பேருக்குள்ள இருக்கும். இவன் என்னடா ஊரறியக் கூவுறான்?" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "டேய், அந்தத் தொப்பிக்காரரோட புருவத்தைப் பாரு. அதுதான் வெல கேக்குது. இவனுங்களும் கமுக்கமாத்தான் பண்றானுங்க!" நான் மறுபடி தலையாட்டினேன். "அந்த ரெண்டாவது ஆடு நொண்டுது, கவனிச்சியா?" அதற்கும் ஆட்டினேன். அப்பா பேசினால் தலையாட்டுவது முப்பது வருடப் பழக்கம்.

கூவல் சட்டென்று நின்றது. ஏலக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தக் கூட்டமும் திரும்பியது. பக்கத்திலிருந்த பெரியவர், "பன்னிரண்டு ஆட்டை எங்கே கட்டப் போகிறாய், மி டக்?" என்றார். இல்லை இல்லை என்று நான் பதறித் தலையசைத்தேன். நம் ஊர்த் தலையசைப்பில் எது ஆமாம், எது இல்லை என்று அந்த மனிதருக்கு எப்படிப் புரியும்? கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் ஏலம் நகர்ந்தது.

"அவர் உன்னை என்னமோ டக்குன்னாரே?"

"வாத்துன்னு அர்த்தம்ப்பா. இந்தப் பக்கம் பிரியமா அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"ஆட்டுச் சந்தையில வந்து வாத்துங்கிறானா? சரிதான்."

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு போன் போட்டார். பாலம், ஆறு, புட்டிங் எதுவும் வாயில் வரவில்லை. "உன் பையன் இன்னைக்குப் பன்னெண்டு உருப்படி வாங்கப் பார்த்தான். அதுலயும் ஒண்ணு நொண்டி."